எண்களை வைத்து இனம் பிரிப்பது எப்படி?

டேட்டா மைனிங் பாடத்தை ஐரிஸ் பூக்களில்தான் தொடங்குவேன். அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் அளந்தெடுத்த எண்களை வைத்து, 1936இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் ஒரு கட்டுரை எழுதினார். உலகெங்கும் மாணவர்கள் இன்றும் அந்த அட்டவணையில்தான் கை பழகுகிறார்கள். செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என மூன்று இனங்கள். இனத்துக்கு 50 வீதம் 150 பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் புல்லி இதழின் நீளம், அகலம், அல்லி இதழின் நீளம், அகலம் என நான்கே அளவுகள். பூவைப் பார்க்காமல் இவற்றை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல வேண்டும்.

கணினியைத் திறக்குமுன் அட்டவணையைக் கண்ணால் படிக்கச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் யாராவது கை தூக்குவார்கள்: "சார், செட்டோசாவுக்கு அல்லி இதழ் நீளம் எல்லாமே 2 சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கு. மத்த ரெண்டும் 3க்குக் குறையவே இல்ல!" அவ்வளவுதான், 2.45இல் ஒரு கோடு போட்டால் 50 செட்டோசாவும் தனியே வந்துவிடும். மீதியை அல்லி இதழ் அகலம் 1.75இல் வெட்டினால், 150இல் 6 பூக்கள் மட்டுமே இனம் மாறி விழும். இதுதான் முடிவு மரம். எந்த இடத்தில் வெட்டினால் கலப்பு மிகக் குறையும் என்று கணினி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது.

இன்னொன்று அண்டை முறை. புதுப் பூவின் அளவுகளுக்கு மிக நெருக்கமான ஐந்து பூக்களைத் தேடி, அவற்றில் எந்த இனம் அதிகமோ அதையே விடையாகக் கொள்வது. இங்கே அளவுகோலில் கவனம் வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மார்பகக் கட்டித் தரவில் 569 பேரின் விவரம் உண்டு. அதில் செல் உட்கருவின் சராசரிப் பரப்பளவு சுமார் 140 முதல் 2,500 வரை போகும்; ஓரத்தின் வழவழப்பைக் காட்டும் எண்ணோ 0.05 முதல் 0.16 வரைதான். அப்படியே தூரம் கணக்கிட்டால் பரப்பளவு மட்டுமே பேசும், வழவழப்பு காதில் விழாது. எல்லா அளவுகளையும் ஒரே வீச்சுக்குக் கொண்டுவந்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது சோதனை. ஒரே ஒரு அண்டையைப் பார்க்கும் முறையில், பழகிய பூவையே திரும்பக் கேட்டால் அதற்கு மிக அருகில் இருப்பது அதுவேதான். நூற்றுக்கு நூறு கிடைக்கும். அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பே இல்லை. ஒரு பகுதித் தரவைக் கண்ணில் காட்டாமல் எடுத்துவைத்து, அதில்தான் சோதிக்க வேண்டும்.

சதவீதத்தை மட்டும் நம்பவும் கூடாது. அந்த 569 பேரில் 357 பேருக்குத் தீங்கற்ற கட்டி, 212 பேருக்குப் புற்றுநோய். எல்லோருக்கும் "பயமில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 63 சதவீதம் சரியாகிவிடும்; ஆனால் 212 நோயாளிகளும் கைவிடப்பட்டிருப்பார்கள்.

கடன், காப்பீடு, மருத்துவம் என எதிலும் இன்று எண்களே நம்மை வகை பிரிக்கின்றன. "எங்கள் மென்பொருள் 99 சதவீதம் துல்லியம்" என்று யாராவது சொன்னால், இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எந்தத் தரவில் சோதித்தீர்கள்? தவறிய அந்த ஒரு சதவீதம் யார்?