பால்வீதியை 'ரன்' பண்ணலாம், வாங்க!

டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறது. 'கேலக்ஸி உருவாக்கம்: கணினி சிமுலேஷன் பயிலரங்கம். ஐந்து நாட்கள். மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.' படித்ததும் உங்கள் மனசு என்ன சொல்லும்? 'இதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்களுக்குப்பா... நமக்கெதுக்கு?' அப்படியே கால் கேன்டீன் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு நிமிஷம் நில்லுங்க பாஸ்! அந்தப் பயிலரங்கில் பயன்படுத்தப்போகும் சாஃப்ட்வேர் இலவசம். அதை ஓட்டிப் பார்க்க உங்கள் லேப்டாப்பே போதும். அங்கே போய் ஜெயிக்கத் தேவையான ஒரே விஷயம் என்ன தெரியுமா? ஒரு நல்ல சந்தேகம். அதை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம். எப்படி என்று பார்ப்போமா?

பல்பு எரிந்தது!

கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள், வாயு, தூசு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எல்லாம் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு கிடக்கும் ஒரு பெரிய குடும்பம். நம் சூரியன் இருக்கும் கேலக்ஸிதான் பால்வீதி. ஒரு கேலக்ஸி உருவாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டு கேலக்ஸிகளை லேபில் கொண்டுவந்து மோதவிட்டுப் பார்க்கவும் முடியாது. அப்புறம் எப்படித்தான் ஆராய்ச்சி செய்வது?

1941-ல் ஸ்வீடனில் எரிக் ஹோம்பெர்க் என்பவர் ஒரு ஐடியா பண்ணினார். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். பல்பின் வெளிச்சமும் அப்படியேதானே குறைகிறது? ஒரு கேலக்ஸிக்கு 37 பல்பு என்று மொத்தம் 74 பல்புகளை வைத்தார். ஒவ்வொரு பல்பு இருக்கும் இடத்திலும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று போட்டோசெல்லால் அளந்தார். அதுதான் அந்த இடத்தில் இழுக்கும் விசை! அதற்கேற்ப பல்பை நகர்த்தி வைத்தார். மறுபடி அளந்தார். மறுபடி நகர்த்தினார். கம்ப்யூட்டரே இல்லாமல் நடந்த கேலக்ஸி சிமுலேஷன் இது.

இன்றைய சாஃப்ட்வேர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். விசையை அளக்கணும், நகர்த்தணும், திரும்ப அளக்கணும். அவ்வளவுதான்.

மலைக்கோட்டை டெக்னிக்

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 60,000 துகள்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாமே இழுக்கும். ஜோடி ஜோடியாகக் கணக்குப் போட்டால் சுமார் 180 கோடி ஜோடிகள். அதுவும் ஒரே ஒரு 'ஸ்டெப்'புக்கு! இப்படி ஆயிரக்கணக்கில் ஸ்டெப் போகணும். லேப்டாப் அழுதுவிடும்.

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் இருக்கும் கடைகளைத் தனித்தனியாகப் பார்ப்பீர்கள். தூரத்தில் ஸ்ரீரங்கம்? 'அதோ ஸ்ரீரங்கம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். ஒவ்வொரு வீடாக எண்ணமாட்டீர்கள். 1986-ல் ஜோஷ் பார்ன்ஸ், பீட் ஹட் இருவரும் கொண்டுவந்த 'ட்ரீ' முறை இதேதான். பக்கத்துத் துகள்களைத் தனித்தனியாகவும், தூரத்துக் கூட்டத்தை ஒரே எடையாகவும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இந்த முறையை இன்னொரு கணக்கு முறையோடு சேர்த்து வேகத்தைக் கூட்டியதுதான் 'ட்ரீ-பி.எம்.' இந்த முறையில் கோடு எழுதி வெளியிட்டவர்களில் ஒருவர், அலகாபாத் ஹரீஷ் சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ஜஸ்ஜீத் பாக்லா. அவருடைய கட்டுரை 2002-ல் நம் நாட்டு ஜர்னல் ஒன்றில்தான் வந்தது. உலகம் முழுக்கப் பயன்படும் 'கேட்ஜெட்-2' சாஃப்ட்வேரை விளக்கி 2005-ல் வந்த கட்டுரை அதை மேற்கோள் காட்டுகிறது. 'நம்மால் முடியுமா' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்!

முதல் நாள், முதல் எரர்

'கேட்ஜெட்', ஜெர்மனியில் வோல்கர் ஸ்ப்ரிங்கல் என்பவர் தன் பி.ஹெச்.டி. காலத்தில் எழுதத் தொடங்கிய சாஃப்ட்வேர். இப்போது 'கேட்ஜெட்-4' வரை வந்துவிட்டது. சோர்ஸ் கோடு மொத்தமும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம்.

பயிலரங்கில் முதல் நாள் என்ன நடக்கும்? பெரும்பாலும் இன்ஸ்டலேஷன். கூடவே எரர்! லினக்ஸ் வேணும். எம்.பி.ஐ., ஜி.எஸ்.எல்., எஃப்.எஃப்.டி.டபிள்யூ., ஹெச்.டி.எஃப்.5 என்று நாலு துணை லைப்ரரிகள் வேணும். உங்கள் ரன்னுக்குத் தேவையானது இல்லை என்றால் கம்பைல் ஆகாது. ஸ்க்ரீன் முழுக்க எரர் மெசேஜ் கொட்டும். பக்கத்து சீட்டில் பெரிய யுனிவர்சிட்டி டி-ஷர்ட் போட்டவரின் ஸ்க்ரீனைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே எரர்தான் ஓடிக்கொண்டிருக்கும்! தாழ்வு மனப்பான்மைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஆனால் இந்தக் கூத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போனால் முழுசாக ஒரு நாள் மிச்சம். அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே சாஃப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் பண்ணிப் பாருங்கள். அதோடு வரும் உதாரணங்களில் ஒன்று, இரண்டு தட்டு வடிவ கேலக்ஸிகளின் மோதல். கரும்பொருளுக்கு 40,000 துகள், நட்சத்திரங்களுக்கு 20,000 துகள். மொத்தமே 60,000தான். உங்கள் லேப்டாப் தாராளமாகத் தாங்கும்.

ரன் முடிந்ததும் பைத்தானில் ஒவ்வொரு காட்சியாக வரைந்து பாருங்கள். இரண்டு தட்டுகள் நெருங்கும், உரசும், வால் போல நட்சத்திரங்களை வீசியெறியும், திரும்பி வந்து ஒன்றோடு ஒன்று கலக்கும். உங்கள் ரூமில், உங்கள் மெஷினில்! அந்த நேரம் ஹாஸ்டல் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்கவே முடியாது.

காப்பியடித்தால் மாட்டுவீர்கள்

அடுத்தவருடைய செட்டிங் ஃபைலை அப்படியே காப்பியடித்து ஓட்டுவது எல்லாருக்கும் வரும் ஆசை. இரண்டு இடத்தில் ஜாக்கிரதை.

ஒன்று, அலகுகள். பிரபஞ்சத்தை ஓட்டும் ரன்களில் எடையின் அலகு, 1,000 கோடி சூரியன்களை 'ஹெச்' என்ற எண்ணால் வகுத்தது. பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் குறிக்கும் அந்த 'ஹெச்'சின் மதிப்பு சுமார் 0.7. இதை மறந்துவிட்டால் உங்கள் கேலக்ஸியின் எடை சத்தமில்லாமல் 30 சதவீதம் குறைந்துவிடும். எரர் மெசேஜ் எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

இரண்டு, 'சாஃப்டனிங்'. இரண்டு துகள்கள் ரொம்ப நெருங்கினால் விசை எக்கச்சக்கமாக ஏறி, தூக்கி எறியப்படும். அதைத் தவிர்க்க, குறிப்பிட்ட தூரத்துக்குள் விசையை மழுங்கடிப்பார்கள். இந்தத் தூரத்தைப் பெரிதாக வைத்தால் கேலக்ஸியின் நுணுக்கங்களும் சேர்ந்து மழுங்கிவிடும். எவ்வளவு வைப்பது? இயற்கை சொல்லித் தராது. நீங்கள்தான் முடிவு பண்ணணும்.

எது இயற்பியல்? எது நம் கைவேலை?

இப்போது விஷயத்துக்கு வருவோம். மோதல் வீடியோவைப் பார்க்கிறீர்கள். 'நிஜத்தில் கேலக்ஸிகள் மோதினால் புது நட்சத்திரங்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கும் என்று படித்தோமே, இதில் ஏன் ஒன்றுகூடப் பிறக்கலை?' என்று தோன்றுகிறதா? சபாஷ்! நட்சத்திரம் பிறக்க வாயு வேண்டும். உங்கள் ரன்னில் வாயுவே கிடையாது. நாம் போடாததை சாஃப்ட்வேர் எப்படிக் காட்டும்?

சரி, வாயுவையும் போடலாம். அதிலும் ஒரு பிரச்னை. 2005-ல் வந்த புகழ்பெற்ற 'மில்லேனியம்' சிமுலேஷனில் 1,000 கோடிக்கும் மேல் துகள்கள். 512 ப்ராசஸர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் ஓடின. அதில் இருந்தது கரும்பொருள் மட்டுமே. ஒரு துகளின் எடை சுமார் 100 கோடி சூரியன்கள்! வாயுவையும் சேர்த்துக்கொண்டு, அதைவிட எவ்வளவோ நுணுக்கமாக ஓடிய 'டி.என்.ஜி.50'-லும் வாயுவின் ஒரு துண்டு சராசரியாக 85,000 சூரியன்களின் எடை. அப்படியானால் ஒரு தனி நட்சத்திரம் பிறப்பதோ, வெடிப்பதோ கணக்கில் நேரடியாக வராது. அந்த இடத்தை விஞ்ஞானிகள் ஒரு ஃபார்முலாவால் நிரப்புகிறார்கள். இவ்வளவு அடர்த்தி வந்தால் நட்சத்திரம் பிறக்கும், வெடித்தால் இவ்வளவு சக்தி போகும், கருந்துளை இப்படி ஊதித் தள்ளும் என்று.

இது ஏமாற்று வேலை இல்லை. வேறு வழியில்லாததால் செய்வது. ஆனால் விளைவு சாதாரணம் இல்லை. 2012-ல் 'அக்விலா' என்ற ஒப்பீட்டில் ஒரே ஆரம்ப நிலையைக் கொடுத்து 13 விதமாக ஓட்டிப் பார்த்தார்கள். வந்த கேலக்ஸிகளின் நட்சத்திர எடை, அளவு, வடிவம் எல்லாமே ரன்னுக்கு ரன் பெரிய அளவில் மாறின. ஒரே விதை, 13 விதச் செடிகள்! அதே 2012-ல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் கூடிய விஞ்ஞானிகள், வெவ்வேறு சாஃப்ட்வேர்களை ஒரே நிபந்தனையில் ஓட்டி ஒப்பிட 'அகோரா' என்ற கூட்டு முயற்சியையே தொடங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஃபார்முலாக்களின் சில எண்களை, வானத்தில் பார்த்த சில விவரங்களோடு பொருந்தும்படி திருகி வைப்பார்கள். அப்புறம் அதே விவரங்களோடு ஒப்பிட்டு 'ஆஹா, பொருந்திடுச்சு!' என்றால்? கொஸ்டின் பேப்பர் முன்னாடியே தெரிந்து எழுதிய எக்ஸாம்தான். திருகும்போது பார்க்காத விவரங்களும் பொருந்தினால்தான் அது நிஜமான பாஸ்.

அதனால் பயிலரங்கில் யார் எவ்வளவு அழகான வீடியோ போட்டாலும், கேள்வி நேரத்தில் கை தூக்கிக் கேளுங்கள்: 'இதில் கணக்கிலிருந்து தானாக வந்தது எது? நீங்கள் முன்கூட்டியே பொருத்தி வைத்தது எது?' இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை. அரங்கமே உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் துறையில் இருப்பவர்கள் தினம் தினம் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியே இதுதான்!

கிளம்புவோமா?

புனேயில் இருக்கும் 'அயூக்கா', ஜயந்த் நார்லிகரை முதல் இயக்குநராகக் கொண்டு 1988-ல் தொடங்கியது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கைகொடுக்கவே உருவான மையம் அது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஐ.சி.டி.எஸ். போன்ற இடங்களையும் கவனித்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பத்தில் 'ஏன் வர விரும்புகிறீர்கள்?' என்று கேட்டால், 'சின்ன வயசிலிருந்தே வானம் பிடிக்கும்' என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். 'கேலக்ஸி மோதலை என் லேப்டாப்பில் ஓட்டினேன். சாஃப்டனிங்கை இரண்டு மடங்காக்கினேன். இது மாறியது. ஏன் என்று புரியவில்லை' என்று எழுதுங்கள். அந்த 'புரியவில்லை'தான் உங்கள் என்ட்ரி டிக்கெட்.

இடம் கிடைக்கவில்லையா? விடுங்க பாஸ். 'டி.என்.ஜி.' சிமுலேஷன்களின் டேட்டா இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கணக்கு மட்டும் தொடங்கினால் போதும், பிரவுசரிலேயே ஆராயலாம்.

ஹோம்பெர்க் கையில் இருந்தது 74 பல்பு. உங்கள் கையில் 60,000 துகள். இன்று ராத்திரியே முதல் எரரைப் பார்த்துவிடுங்கள். ஆல் தி பெஸ்ட்!