அறியாமையிற் பிறந்த நகை

நகைச்சுவை எழுதுபவனை விளையாட்டுப் பிள்ளையென்றும் விஞ்ஞானம் எழுதுபவனைப் பெரிய மனிதனென்றும் எண்ணுவது நம்மவர் வழக்கம். ஒருவனே இரண்டையும் எழுதுவானாயின், முன்னது இளமைக் குற்றமென்றும் பின்னது அதற்குச் செய்த கழுவாயென்றும் கொள்வோம். பில் பிறைசன் என்னும் அமெரிக்கருடைய நூல்களையும் இவ்வாறே இரு தட்டுகளாகப் பிரித்து அடுக்கிவிடுகின்றனர். பயண நூல்கள் பொழுதுபோக்குக்கு. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏறக்குறைய எல்லாவற்றினதும் சுருக்க வரலாறு' மாணவர்க்கு. இப்பிரிவு பொருந்தாதென்பதே என் கருத்து. அவ்விஞ்ஞான நூலை எழுதியவரும் பயணியே. அப்பயணியைக் கைப்பிடித்து விஞ்ஞானத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது அவருடைய நகையே.

பிறைசன் 1951இல் அயோவா மாநிலத்து டெமொயின் நகரிற் பிறந்தவர். தந்தையார் விளையாட்டுச் செய்திகள் எழுதிய பத்திரிகையாளர். 1973இல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த இளைஞர், இங்கிலாந்தில் ஒரு மனநோய் வைத்தியசாலையில் வேலைக்கு அமர்ந்து, அங்குப் பணியாற்றிய தாதி ஒருவரை மணந்தார். சில ஆண்டுகளின் பின் அந்நாட்டிலேயே நிலைகொண்டார். இலண்டன் பத்திரிகைகளிற் பிறர் எழுதியதை வெட்டித் திருத்தும் உதவியாசிரியராகப் பல்லாண்டு இருந்தார். அத்தொழிலின் பயனை அவர் வசனத்திற் காணலாம். வீண்சொல் அரிது.

நகை பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்காக வகுத்தார் தொல்காப்பியர். பிறரை இகழ்தல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. இவை தன்னிடத்துத் தோன்றுதலும் பிறரிடத்துத் தோன்றுதலும் உண்டென உரையாசிரியர் விரிப்பர். பிறைசனுடைய எழுத்து வளர்ந்த கதையைச் சொல்ல இதனினும் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. 1989இல் வந்த 'தொலைந்த கண்டம்' முழுவதும் பிறரிடத்துத் தோன்றிய இகழ்ச்சி நகை. தாயாருடைய பழைய மோட்டார் வண்டியில் 38 மாநிலங்களினூடே ஏறத்தாழ 14,000 மைல் ஓடுகின்றார். இளமையிற் சினிமாவிற் கண்ட குற்றமற்ற சிற்றூரைத் தேடுகின்றார். காணாது வழியிலுள்ளவரையெல்லாம் ஏசுகின்றார். உணவுச்சாலைப் பணிப்பெண்ணும் பருத்த உடலினரும் அவர் வாயிலிருந்து தப்பவில்லை. சிரிப்பு வருகிறது; ஆயினும், இவர்கள் இவருக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்ற வினாவும் உடன் வருகிறது.

1995இல் வந்த 'ஒரு சிறு தீவிலிருந்து சில குறிப்புகள்' என்னும் நூலில் காற்றுத் திசைமாறுகிறது. அதன் தொடக்கத்தில், மூடுபனி சூழ்ந்த இரவொன்றில் டோவர்த் துறையில் இறங்கி, விடுதிகள் அடைத்துக் கிடக்கக் கடற்கரைத் தங்குமடத்திற் குளிரில் நடுங்கிக் கிடக்கும் ஓர் அயல்நாட்டு இளைஞனைக் காண்கிறோம். இங்கே நகைப்புக்குரியவன் அவனே. ஆங்கிலேயர் இந்நூலைத் தமதென்றே தழுவிக்கொண்டனர். 2003இல் நடந்த வாசகர் வாக்கெடுப்பு ஒன்றில், இங்கிலாந்தை நன்கு காட்டும் நூல் இதுவே என்று தெரிந்தனர். பல்லாண்டு தம்மோடு வாழ்ந்து, தன்னையும் சேர்த்து நகைத்தவனிடத்து அவர்கள் கோபங்கொள்ளவில்லை.

என் மதிப்பில் அவருடைய பயண நூல்களுள் முதலிடம் பெறுவது 1998இல் வந்த 'காட்டில் ஒரு நடை'. ஜோர்ஜியா முதல் மேயின் வரை 2,100 மைலுக்கு மேல் மலைமுகடுகளிற் செல்லும் அப்பலாச்சியன் ஒற்றையடிப் பாதையை நடந்து முடிப்பதாக நாற்பது வயது கடந்த இருவர் புறப்படுகின்றனர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் காட்ஸ் என்னும் புனைபெயரால் அவர் குறிக்கும் பழைய தோழர். முதல்நாளே பாரம் தாளாது காட்ஸ் உணவுப் பொருள்களை வீசி எறிகின்றார். ஆசிரியரோ கரடி மனிதரைத் தாக்கிய வரலாறுகளை முன்கூட்டியே படித்துவிட்டமையால் உறக்கமின்றித் தவிக்கின்றார். ஈற்றில் நடந்த தூரம் ஏறத்தாழ 870 மைல்; பாதியுமில்லை. வெற்றி கூறும் பயண நூல்கள் பல உண்டு. தோல்வியை இத்துணை இன்பமாகக் கூறியது இது.

இந்நூலிலேதான் விஞ்ஞானம் மெல்ல நுழைகின்றது. மூச்சிரைத்து நிற்கும்போதெல்லாம், இம்மலை எங்ஙனம் எழுந்தது, எங்ஙனம் தேய்ந்தது என வினவத் தொடங்குகின்றார். அமெரிக்கக் கஷ்கொட்டை மரத்தின் அழிவைக் கூறும் பகுதியில் நகைச்சுவையாளர் முற்றும் ஒதுங்கிக்கொள்கின்றார். ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சண நோயொன்று 1904இல் நியூயோர்க் விலங்கினச்சாலையிற் கண்டறியப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கோடி மரங்கள் பட்டுப்போயின. 1962இல் நிலக்கரிப் படையிற் பற்றிய தீ நிலத்தின்கீழ் எரிந்துகொண்டிருக்க, மக்கள் விட்டகன்ற சென்ற்றேலியா என்ற ஊரையும் சென்று காண்கின்றார். சிரித்துக்கொண்டு வந்த வாசகன் இவ்விடங்களிற் சட்டென்று நின்றுவிடுகிறான். நின்றபின் அவனுக்குக் கூறுவதெல்லாம் பதிகின்றது.

2000இல் வந்த அவுஸ்திரேலியப் பயண நூலும் தன் மறதியிலேயே தொடங்குகிறது: அந்நாட்டுப் பிரதமர் யாரென்பது அவர் நினைவிற்கு வரவில்லையாம். அதையொட்டி, 1967இற் கடலில் நீந்தச் சென்று மறைந்துபோன பிரதமர் ஹரல்ட் ஹோல்ற்றின் நினைவாக அந்நாட்டார் நீச்சற் குளம் ஒன்றுக்குப் பெயரிட்ட செய்தியையும் அறிவிக்கின்றார். இதே நூலில், மேற்குக் கரையிலுள்ள சார்க் விரிகுடாவுக்கு நெடுந்தூரம் சென்று, ஆழமற்ற நீரிற் கிடக்கும் சில கருநிறக் குவியல்களைப் பார்த்து நிற்கின்றார். பார்வைக்கு அவை காய்ந்த சாணத்தட்டுப் போன்றவை. உண்மையில் அவை நுண்ணுயிர்கள் படைபடையாகக் கட்டியவை. இத்தகைய உயிர்கள் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கடலில் வாழ்ந்தன. அவற்றின் வழிவந்தவை வெளியிட்ட ஒட்சிசனே, காலப்போக்கில் நாம் மூச்சுவிடும் வளிமண்டலத்தை ஆக்கியது. உல்லாசப் பயணியொருவன் சாணத்தட்டின் முன்னே கைகட்டி நிற்கும் இக்காட்சியிலேதான் அடுத்த நூல் பிறந்துவிட்டதென்பேன்.

அந்த நூலின் தோற்றத்தைப் பிறைசன் வேறு வகையாகக் கூறுகின்றார். பசிபிக் சமுத்திரத்தின்மேல் விமானத்திற் செல்லும்போது, தாம் வாழும் ஒரே உலகத்தைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாதென்ற எண்ணம் அவரைத் திடீரெனப் பற்றியதாம். கடல் ஏன் உப்புக் கரிக்கிறது, அமெரிக்காவின் பேரேரிகள் ஏன் கரிப்பதில்லை என்பதும் தெரியாதாம். இதனினும் ஆசிரியராகிய நமக்கு உறைப்பது, அவர் கூறும் பள்ளிப் பருவத்துச் செய்தி. பூமியை வெட்டி அதன் உள்ளடுக்குகளைக் காட்டும் படமொன்றைப் பாடநூலிற் கண்டு அச்சிறுவன் வியந்தானாம். இதை எவ்வாறு அறிந்தார்கள் என்று ஆவலோடு பக்கங்களைப் புரட்டினானாம். நூல் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அளவுகளை மாத்திரம் தந்தது. நம் வகுப்பறைகளிற் பிள்ளைகள் பார்த்தெழுதும் குறிப்புகளும் அளவுகளைத்தாம் தருகின்றன. சோதனைக்கு அவை போதும். கேள்வியோடு வந்த பிள்ளை அக்கேள்வியை வீட்டுக்கே திருப்பி எடுத்துச் செல்கிறது.

மூன்றாண்டுகள் அறிஞர்களை நாடிச் சென்று அறியாமையைக் கூசாது கூறிக் கேட்டு எழுதியமையால், இந்நூலில் விடைகளைவிட அவற்றைத் தேடிய மனிதரே நினைவில் நிற்கின்றனர். அவுஸ்திரேலியப் போதகர் றொபேட் இவன்ஸ் வீட்டுத் தொலைநோக்கியால் வெடிக்கும் விண்மீன்களைக் கண்டுபிடித்தவர். கரிய விரிப்பிட்ட ஆயிரத்தைந்நூறு மேசைகளில் உப்பைச் சிதறி, அவற்றுள் ஒன்றில் ஒரு பரலைக் கூட்டினால் அதைக் கண்டுகொள்வார் என்று அவர் நினைவாற்றலை விளக்குகின்றார் பிறைசன். பக்கம் பக்கமாக வருணித்தாலும் இத்தெளிவு வாராது.

கிளயர் பற்றர்சன் என்பார் விண்கல்லிலுள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டென 1953இற் கணித்தவர். பிறைசனைப் போல அயோவாக்காரர். அவர் அளவைகளை ஓயாது கெடுத்தது ஆய்வுகூடம் எங்கும் படிந்திருந்த ஈயம். அது வந்த வழியைத் தேடியவர் பெற்றோற் புகையிடம் போய்ச் சேர்ந்தார். பெற்றோலில் ஈயச் சேர்வையைக் கலக்கலாமென 1921இற் கண்டவர் தோமஸ் மிஜ்லி. நோயால் நடமாட்டம் குன்றிய அவர், தம்மைப் படுக்கையிலிருந்து தூக்குவதற்குத் தாமே அமைத்த கயிற்றுப் பொறியில் அகப்பட்டு 1944இல் இறந்தார். இதனைக் கூறுமிடத்துப் பிறைசனின் நகை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. உலகில் மோட்டார் வண்டிகளுக்கு ஈயப் பெற்றோல் விற்பது முற்றாக ஒழிந்தது 2021இலேதான்.

குறை இல்லாமலில்லை. வேகமாக நடப்பவன் வழியோரத்தை நன்கு பார்ப்பதில்லை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க இந்தியாவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக்காரர் லெ ஜான்தியின் கதையை நூலிற் படித்துச் சிரிக்காதார் இலர். 1761இல் அந்நாளிற் கப்பலில் அலைக்கழிந்தார், எட்டாண்டு காத்திருந்து 1769இற் கருவிகளோடு நின்றார், மேகம் மறைத்தது. பதினோராண்டுக்கு மேற் கழித்து வீடு திரும்ப, இறந்தாரென்று கருதி உறவினர் சொத்தைப் பங்கிட்டிருந்தனர். பிறைசன் இந்தியா என்றளவில் நிறுத்திக்கொள்கின்றார். அவ்விடம் புதுச்சேரி. அங்கே அவர் வெறுங்கையோடு இருக்கவில்லை. எழுதுகோல் தொடாது, மனனஞ்செய்த வாய்பாடுகளாலும் சோழிகளாலும் கிரகணம் கணிக்கும் தமிழரிடம் அக்கணிதத்தைக் கற்றார். தாம் முன்பே அவதானித்திருந்த 1765ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கொண்டு அதனைச் சோதித்தார். கிரகணத்தின் முழுக்கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை 68 விநாடி மிகுந்தது. முழு மறைவின் கால அளவில் நம்மவர் கணக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் பிழைத்ததென்பதையும் மறைத்தல் ஆகாது. நகைப்புக்குரிய தோல்வியாகவே முடித்துவிட்ட கதைக்குள் இத்துணைப் பொருள் இருந்தது.

2004இல் விஞ்ஞான நூற்பரிசு, 2005 முதல் 2011 வரை டறம் பல்கலைக்கழக வேந்தர் பதவி, 2013இல் றோயல் சொசைற்றியின் கௌரவ அங்கத்துவம் எனச் சிறப்புகள் பல வந்தன. மனித உடலைப் பற்றி 2019இல் எழுதிய நூல் செய்தி மிகுந்தது; ஆயினும் அதில் வழியில் இடறி விழும் பயணியைக் காணோம், அடுக்கி வைத்த செய்திகளையே காண்கிறோம். 2020இல் ஓய்வு பெறுவதாக அறிவித்தவர், சுருக்க வரலாற்றைத் திருத்தி 2025இல் மீளவும் வெளியிட்டார். முதற்பதிப்பு அச்சேறிய மூன்றாண்டுகளில் புளூட்டோ கோள் என்னும் பட்டத்தை இழந்துவிட்டதாதலால், கல்லூரி நூலகத்துக்குத் திருத்திய பதிப்பையே வாங்குதல் வேண்டும். பணம் மிஞ்சுமாயின் காட்டு நடையையும் வாங்கி, அதே தட்டில் வைக்க.