நெஞ்சில் தைத்த சில்லு

1963 மார்ச் தேதியிட்டு வந்த ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ காமிக்ஸின் 39-வது இதழில் டோனி ஸ்டார்க் முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். அமெரிக்க ராணுவத்துக்கு ஆயுதம் செய்து கொடுக்கும் கோடீஸ்வரன், கெட்டிக்கார இன்ஜினியர். தன்னுடைய சின்ன பீரங்கி களத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வியட்நாம் காட்டுக்குள் போகிறான். வழியில் கட்டியிருந்த கயிறு காலில் தட்டுகிறது, கண்ணிவெடி. நெஞ்சில் பாய்ந்த இரும்புச் சில்லு இதயத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவனைப் பிடித்துக்கொண்டுபோன கொரில்லாத் தலைவன் வோங் சூ பேரம் பேசுகிறான்: எனக்கு ஆயுதம் செய்து கொடு, ஆபரேஷன் செய்து உன்னைப் பிழைக்க வைக்கிறேன். பொய் என்று ஸ்டார்க்குக்குத் தெரியும். அதே சிறையில் கிடக்கும் யின்சென் என்ற முதிய இயற்பியல் பேராசிரியரோடு சேர்ந்து, இதயத்தை ஓட வைக்கும் மார்புத் தகட்டையும் அதைச் சுற்றி ஒரு கவசத்தையும் ரகசியமாகச் செய்கிறான்.

கவசத்தில் மின்சாரம் ஏற நேரமாகிறது. ஸ்டார்க் மேஜை மேல் அசையாமல் கிடக்கிறான். வெளியே ஆள் வரும் சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும். யின்சென் கூச்சல் போட்டபடி வெளியே ஓடுகிறார், அவர்கள் கவனம் தன் பக்கம் திரும்பட்டும் என்று. சுட்டுக் கொல்கிறார்கள். அவர் உயிரைக் கொடுத்து வாங்கிய அந்தச் சில நிமிடங்களில்தான் அயர்ன் மேன் எழுந்து நிற்கிறான், குழந்தைபோல் நடை பழகுகிறான்.

ஸ்டான் லீயின் யோசனை, லாரி லீபரின் வசனம், டான் ஹெக்கின் ஓவியம், ஜாக் கிர்பியின் அட்டைப்படம். போரை வெறுக்கும் இளைஞர்களுக்கு ஒரு ஆயுத வியாபாரியையே நாயகனாகக் கொடுத்து, அவனை நேசிக்கவும் வைத்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே சவால் விட்டுக்கொண்டதாக லீ பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஸ்டார்க்குக்கு முன்மாதிரி, விமானமும் சினிமாவும் பணமுமாக வாழ்ந்த ஹோவர்ட் ஹ்யூஸ். முதல் கவசம் சாம்பல் நிறம், கொதிகலனுக்குக் கை கால் முளைத்த மாதிரி. அடுத்த இதழிலேயே அது தங்க நிறமாயிற்று. இன்று நாம் பார்க்கும் சிவப்பும் தங்கமும் சேர்ந்த வடிவம், அதே ஆண்டு 48-வது இதழில் ஸ்டீவ் டிட்கோ வரைந்ததிலிருந்து வந்தது.

அந்தப் பழைய கதைகளில் எல்லாவற்றுக்கும் டிரான்சிஸ்டர்தான் விடை. கவசம் பறப்பதும் டிரான்சிஸ்டரால், லாரியைத் தூக்குவதும் டிரான்சிஸ்டரால். அறிவியலாகப் பார்த்தால் தேறாது. ஆனால் மார்புத் தகடு அப்படியல்ல. உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை 1958-ல்தான் ஸ்வீடனில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார்கள். மின்சாரத்தால் ஓடும் இதயம் அப்போது புதுச் செய்தி. அத்தனை பணம் இருந்தும் ஸ்டார்க் ஊரார் முன் சட்டையைக் கழற்ற முடியாது. சார்ஜ் இறங்கினால் பிளக் தேடி ஓட வேண்டும். சண்டை நடுவே வில்லனைவிட பாட்டரி அவனை அதிகம் பயமுறுத்துகிறது. மற்ற நாயகர்களுக்குச் சக்தி வரம். இவனுக்கு அது மருந்து. இவன் மேல் எனக்குள்ள பிடிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் 1963 கதையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நெஞ்சில் தைத்த சில்லு எதிரியுடையது. ஸ்டார்க் செய்த ஆயுதம் யார் நெஞ்சில் தைத்தது என்று அந்தக் கதை கேட்பதே இல்லை. வோங் சூ, பிறகு வந்த மாண்டரின் போன்ற வில்லன்களை வரைந்த விதத்தில் அப்பட்டமான இனவெறுப்பு இருக்கிறது. அடுத்தடுத்து வந்த எழுத்தாளர்கள் அந்த ஓட்டையோடு மல்லுக்கட்டிய கதைதான் அயர்ன் மேனின் உண்மையான வரலாறு என்பேன்.

முதல் அடி 1975-ல் விழுந்தது. சைகோன் வீழ்ந்தது அந்த ஏப்ரலில். செப்டம்பர் தேதியிட்ட ‘அயர்ன் மேன்’ 78-வது இதழில் பில் மான்ட்லோ, ஸ்டார்க்கை வியட்நாம் நினைவுகளோடு தனியே உட்கார வைத்தார். அந்த நினைவுகளில், தன் ஆயுதம் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்து, செத்தவர்களைத் தானே புதைத்து, மேலே ‘ஏன்’ என்ற ஒற்றைக் கேள்வியைப் பொறித்துவிட்டு வருகிறான்.

1979-ல் டேவிட் மிஷலினியும் பாப் லேட்டனும் இன்னும் உள்ளே போனார்கள். ஜஸ்டின் ஹாமர் என்ற போட்டி முதலாளி, தூரத்திலிருந்தே கவசத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறான். ஊரே பார்த்திருக்க, ஒரு வெளிநாட்டுத் தூதரை நோக்கி ஸ்டார்க்கின் கை தானாக உயர்ந்து சுடுகிறது. தூதர் சாகிறார். ஸ்டார்க் குடியில் விழுகிறான். எத்தனையோ ஆண்டு கூட இருந்த பட்லர் ஜார்விஸ் ராஜினாமா கொடுக்கும் அளவுக்கு விழுகிறான். 128-வது இதழின் அட்டையில் தாடி வளர்ந்து, வியர்த்து வழிந்து, பாட்டிலோடு நிற்கிற அந்த முகம் காமிக்ஸ் உலகில் அதுவரை எந்த நாயகனுக்கும் வாய்க்காதது. இதே இருவர் 1987-ல் ‘ஆர்மர் வார்ஸ்’ எழுதியபோது, ஸ்டார்க்கின் திருடுபோன தொழில்நுட்பம் ஊரிலுள்ள எல்லாக் கவசங்களுக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கக் கிளம்புகிறான். நண்பன் கேப்டன் அமெரிக்காவோடு மோதுகிறான், அரசாங்கத்தோடு மோதுகிறான், சோவியத் மண்ணில் ஓர் உயிரும் போகிறது. கைவிட்டுப் போன ஆயுதத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்பதை இவ்வளவு கோபத்தோடு சொன்ன சூப்பர் ஹீரோ கதை நான் படித்ததில் வேறில்லை.

2008-ல் ஜான் ஃபாவ்ரூ எடுத்த ‘அயர்ன் மேன்’ படத்தில் அந்தச் சில்லு கடைசியாகச் சொந்தக்காரனிடமே வந்து சேர்ந்தது. இடம் ஆப்கானிஸ்தான். தாக்குதலில், ஸ்டார்க்காக நடிக்கும் ராபர்ட் டவுனி ஜூனியர் பாறை மறைவில் பதுங்குகிறார். பக்கத்தில் ஒரு குண்டு வந்து விழுகிறது. அதன் பக்கவாட்டில் ‘ஸ்டார்க் இண்டஸ்ட்ரீஸ்’ என்று எழுதியிருக்கிறது. படித்து முடிப்பதற்குள் வெடிக்கிறது. 45 ஆண்டுக் காமிக்ஸ் சிறுகச் சிறுக நகர்த்தி வந்ததை ஃபாவ்ரூ ஒரே ஷாட்டில் முடித்துவிட்டார். குகையிலிருந்து தப்பி வந்ததும் ஸ்டார்க் ஆயுத உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்கிறான். யின்சென்னின் ஊரான குல்மிராவில் தன் ஏவுகணைகளைத் தானே தகர்க்கிறான்.

இதே படம் அமெரிக்க விமானப்படையின் ஒத்துழைப்போடு, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலும் படமாக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆயுத வியாபாரத்தைக் கண்டிக்கும் கதையில், போர் விமானங்கள் பளபளவென்று பெருமையோடு பறக்கின்றன. படத்தின்படி தவறு ஆயுதம் செய்ததில் இல்லை, அது கெட்டவன் கைக்குப் போனதில்தான். ஸ்டேன் என்ற பங்குதாரர் கள்ளத்தனமாக விற்றார் என்று பழி ஓர் ஆள் தலையில் இறங்கிவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நல்லவன் கையிலிருந்து போன குண்டும் விழுகிற இடத்தில் வெடிக்கத்தான் செய்யும்.

அதைச் சொல்லும் துணிச்சல் 2015-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில், ஒரு சின்ன வசனத்தில் வந்தது. சோகோவியா என்ற கற்பனை நாட்டில் பத்து வயது இரட்டையர்களின் வீட்டில் ஒரு குண்டு விழுகிறது. அப்பா அம்மா போய்விடுகிறார்கள். இரண்டாவது குண்டு அவர்கள் முகத்துக்கு மூன்றடி தூரத்தில் வந்து நிற்கிறது, வெடிக்கவில்லை. இடிபாட்டில் சிக்கிய குழந்தைகள் இரண்டு நாள் அதன் மேல் எழுதியிருந்த ஸ்டார்க் என்ற பெயரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள், எப்போது வெடிக்குமோ என்று. இந்த முறை கள்ளச் சந்தை, துரோகி பங்குதாரர் என்று எந்தச் சாக்கும் படம் சொல்வதில்லை. அந்தக் குழந்தைகளான வாண்டாவும் பியெட்ரோவும் வளர்ந்து ஸ்டார்க்கைக் கொல்ல வருகிறபோது, அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.