பட்டிக்குள் போன ஆடுகள்

பாப்பாரப்பட்டியிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த தங்கைக்குக் காய்ச்சல், தலைவலி. அடுத்த வாரம் தூக்கம் போனது. சுவரைப் பார்த்துப் பேசினாள். பெற்ற அம்மாவையே யாரென்று கேட்டாள். காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். பிறகு வலிப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தண்டுவட நீரைச் சோதித்துப் பெயர் சொன்னார்கள்: என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான மூளை அழற்சி. ஆறு வாரமாகியும் அவளுக்கு அண்ணனை அடையாளம் தெரியவில்லை. "என் தங்கச்சி இன்னும் உள்ளே இருக்காளா சார்?" என்று கேட்கிறார்.

இந்த நோய் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், இருக்கிறாள் என்று சொல்லத்தான் காரணம் அதிகம்.

பத்திரிகைகள் இதைப் 'பற்றி எரியும் மூளை' என்று எழுதுகின்றன. அந்தப் படத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். பாதிப் பேருக்காவது எம்ஆர்ஐயில் ஒன்றுமே தெரிவதில்லை. நரம்பணுக்கள் வெந்துபோவதில்லை, அவற்றின் மேலிருந்து செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகள் குறைந்துபோகின்றன. நினைவு பதிவதற்கு இந்த ஏற்பிகள் வேண்டும். மயக்க மருந்தான கெட்டமைன் இவற்றைத்தான் அடைக்கிறது; அந்த மயக்கம் தெளியும்போது சிலர் இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது அதனால்தான்.

ஏற்பிகளை மேய்ச்சலில் இருக்கும் வெள்ளாடுகள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு தவறாகச் செய்துவிட்ட எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒரு கயிறு. அதற்குப் பிடிக்கும் முனை இரண்டு. ஒரு முனை ஓர் ஆட்டின் கொம்பைப் பிடிக்கிறது, மறுமுனை பக்கத்து ஆட்டை. ஆட்டுக்கும் கொம்பு இரண்டு அல்லவா? மிச்சமிருக்கும் கொம்பில் இன்னொரு கயிறு மாட்டி மூன்றாவது ஆட்டை இழுத்து வருகிறது. இப்படிக் கொத்தாகச் சிக்கிய ஆடுகளைக் கண்டதும் மேய்ப்பவராகிய நரம்பணு அவற்றைத் தனக்குள்ளே இருக்கும் பட்டிக்குள் ஓட்டிவிடுகிறது. மேய்ச்சல் நிலம் வெறிச்சோடிப் போகிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகு. எதிர்ப்பொருளை வெட்டி, ஒரே முனை உள்ள துண்டுகளாக்கி, எலியின் நரம்பணுக்கள் மேல் விட்டார்கள். ஏற்பிகள் உள்ளே போகவில்லை. அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் இன்னொரு புரதத்தை விட்டதும் ஏற்பிகள் மறைந்தன. குற்றம் பிடிப்பதில் இல்லை, பிணைப்பதில் இருக்கிறது! எதிர்ப்பொருளை நீக்கியதும் சில நாட்களில் ஏற்பிகள் பழைய அளவுக்கு வந்தன. நரம்பணு சாகவில்லை, அதன் கிளைகளும் முறியவில்லை. பட்டிக்குள் போன எல்லா ஆடும் திரும்புவதில்லைதான். ஆனால் மந்தை குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் குணமாக ஏன் மாதக்கணக்கு? கயிறு திரிக்கும் அணுக்களில் சில மூளைக்குள்ளேயே குடியேறிவிடுகின்றன. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று எல்லாம் அவற்றை அடக்கப் போதாமல் போகலாம். அப்போதுதான் ரிடுக்சிமாப் போன்ற மருந்துகளுக்குப் போகிறார்கள். சில பெண்களுக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும், அதற்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அதைப் பார்த்தே உடம்பு கயிறு திரிக்கத் தொடங்கியிருக்கலாம், அதனால் கட்டியை எடுத்தாக வேண்டும். ஒரே ஊசியில் குணம், ஸ்டெம் செல், நினைவாற்றல் லேகியம் என்று வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த நோயின் வரலாறு சிறியது. நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவின் குழு 2005இல் நான்கு பெண்களின் நோயை விவரித்தது. 2007இல் தாக்கப்படும் ஏற்பி எதுவென்று கண்டது. 2011இல் பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் க்னூட் என்ற பனிக்கரடி வலிப்பு வந்து தண்ணீரில் மூழ்கி இறந்தது. அதற்கும் இதே நோய் என்று 2015இல் தெரிந்தது. கரடிக்கு எந்தக் காத்து கருப்பு?

எல்லோரும் மீள்வதில்லை, இறந்தவர்களும் உண்டு. ஆனால் 577 நோயாளிகளைக் கொண்டு 2013இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகள் பின்தொடர முடிந்தவர்களில் 81 சதவீதம் பேர் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

அந்த அண்ணனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் வந்த வழியே திரும்பிப் போகிறது. கடைசியில் வந்த மூச்சுத் திணறல், விறைப்பு முதலில் விலகும். முதலில் வந்த பிதற்றலும் கோபமும் கடைசியில். அமைதியாகக் கிடந்தவள் எழுந்து உங்களைத் திட்டினால், அது மீள்வதன் ஒரு கட்டமாகவும் இருக்கலாம். நோய் திரும்ப வருவதும் உண்டு என்பதால் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினாள், எப்போது வலிப்பு வந்தது, எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தாள் என்று தேதி போட்டு எழுதுங்கள். வாய் கோணுவதையும் கை இழுப்பதையும் போனில் படம் பிடியுங்கள், மருத்துவருக்கு உதவும்.

மீண்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நாட்கள் நினைவில் இருப்பதில்லை. பதிவுசெய்ய வேண்டிய ஏற்பிகளே அப்போது குறைந்துபோயிருந்தன. வேப்பிலை, ஆம்புலன்ஸ், நிம்ஹான்ஸ் தாழ்வாரத்தில் நீங்கள் படுத்துக் கிடந்த இரவுகள் எதுவும் உங்கள் தங்கைக்கு நினைவில் இல்லாமலே போகலாம். ஒருநாள் அவள், "எனக்கு என்னண்ணா ஆச்சு?" என்று கேட்கும்போது அந்த நோட்டை எடுத்துக் கொடுக்கலாம்.