பழைய பிக்கப்புக்குப் பூட்டு மட்டும் போதுமா?

கடைக்குச் சாமான் ஏற்ற நான் வைத்திருப்பது பழைய டட்சன் 1200 பிக்கப். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இத்தகைய வாகனங்களின் பெறுமதி ஏறியது. திருடர்களும் இதை அறிவர்.

இதன் சாவியில் சிப் கிடையாது. சாவித்துளைக்குப் பின்னாலுள்ள வயர்களை இணைத்தாலே எஞ்சின் இயங்கிவிடும். எனவே இக்னிஷன் கொயிலுக்குச் செல்லும் வயரில் மறைவாக ஒரு சுவிட்ச் பொருத்தினேன். அதை அணைத்துவிட்டால் எஞ்சின் இயங்காது. ஸ்டியரிங்குக்கும் தனிப் பூட்டு உண்டு. பதிவுப் புத்தகத்தை வாகனத்தில் வைப்பதில்லை. செசி, எஞ்சின் இலக்கங்களை வீட்டில் குறித்து வைத்துள்ளேன்.

பலர் மறப்பது ஒன்று: மூன்றாம் தரப்புக் காப்புறுதி திருட்டுக்கு நஷ்டஈடு தராது. இன்றைய பெறுமதியைக் குறிப்பிட்டு, திருட்டையும் உள்ளடக்கிய தகாபுல் திட்டத்தில் சேருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதல்லவா நபிகளார் (ஸல்) காட்டிய வழி!