சாக்ஸபோன் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



நம்ம பள்ளி பேண்டில் நான் சாக்ஸபோன் வாசிக்கிறேன். "டேய், நானும் கத்துக்கணும், எது வாங்கலாம்?" என்று பலர் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் சின்ன அறிமுகம். இந்தக் கருவியை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் சாக்ஸ். 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். உடம்பு பித்தளைதான். ஆனாலும் இதை டிரம்பெட்டோடு சேர்க்காமல் கிளாரினெட் குடும்பத்தில்தான் சேர்ப்பார்கள். ஏன் தெரியுமா? சத்தம் பிறப்பது ரீட் என்கிற மெல்லிய நாணல் பட்டையில். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கு ரீட். ஒரு நாதஸ்வர வித்வானின் மகனான கத்ரி கோபால்நாத் இதில் கர்நாடக சங்கீதமே வாசித்தார். 1994-ல் வந்த 'டூயட்' படத்தில் நாம் கேட்கிற சாக்ஸபோன் அவருடையதுதான். 2019-ல் மறைந்தார்.

எந்த வகை?

சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என நான்கு வகை அதிகம் புழங்குகிறது. நம்ம வயசுக்கு ஆல்டோ நல்லது. எடை சுமார் இரண்டரை கிலோ, விரலும் எட்டும். சோப்ரானோ சின்னதுதான், ஆனா சுருதி சேர்ப்பது கஷ்டம். மற்ற இரண்டும் கனம், மூச்சும் நிறைய வேணும்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க!

கருவியில் இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றையும் தோல் போர்த்திய ஒரு 'பேட்' மூடுது. அதில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் காற்று கசியும். கீழ் ஸ்வரங்கள் வராது, கீச்சென்று கத்தும். புதுசா கத்துக்கிறவன் என்ன நினைப்பான்? "எனக்கு மூச்சு பத்தலை, சங்கீதம் வராது" என்று மூலையில் வைத்துவிடுவான். தப்பு கருவியில், பழி பையன் மேலே!

அதனால் வாங்கும் முன் இதைப் பாருங்க:

1. இருட்டு அறையில் ஒரு சின்ன பல்பைக் கருவிக்குள் இறக்கி, பட்டன்களை மெதுவாக மூடுங்கள். பேட் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே கசிவு.
2. ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி விடுங்கள். சட்டென்று திரும்பி வரணும்.
3. கழுத்துக் குழாய் வளைந்து நசுங்கி இருக்கான்னு பாருங்க.
4. வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போய், மேலிருந்து கீழ் ஸ்வரம் வரை ஊதச் சொல்லுங்கள்.

விலை மலிவான புதுசை விட, நன்றாகப் பழுது பார்த்த பழைய கருவி எவ்வளவோ மேல். ரீட் ஒன்றரை அல்லது இரண்டாம் நம்பரில் ஆரம்பிக்கலாம். மூன்று நான்கு ரீட் வைத்து மாத்தி மாத்தி வாசித்தால் அதிக நாள் வரும்.

தினமும் ஐந்து நிமிஷம்

* மிட்டாய், ஜூஸ் சாப்பிட்ட வாயோடு ஊதாதீங்க. சர்க்கரை பேடில் ஒட்டி, பட்டன் எழும்பாமல் போகும். வாய் கொப்பளித்துவிட்டு வாசிங்க.
* வாசித்து முடித்ததும் கயிறு கட்டிய துணியை உள்ளே விட்டு இழுத்து ஈரத்தைத் துடையுங்கள். ஈரம்தான் பேடுக்கு எமன்.
* ரீடைக் கழற்றித் துடைத்து, அதன் டப்பாவில் வையுங்கள்.
* வாயில் வைக்கும் பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். கொதி தண்ணீர் கூடாது.
* கழுத்துக் குழாயின் கார்க்கில் அவ்வப்போது கார்க் கிரீஸ் தடவுங்கள்.
* பித்தளைப் பாலிஷ் போடவே போடாதீங்க! மேலே உள்ள வார்னிஷ் போயிடும். காய்ந்த மெல்லிய துணி போதும்.
* தூக்கும்போது பட்டன்களைப் பிடிக்காமல், அகன்ற வாய்ப் பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பேண்டில் யாருக்காவது சத்தம் வரலைன்னா, திட்டுவதற்கு முன் அவன் கருவியை ஒருமுறை பல்பு போட்டுப் பாருங்கள். ஒரு பேடை மாத்தினால் போதும், ஒரு நல்ல வாசிப்பாளர் நமக்குக் கிடைக்கலாம்.