வாழைக்காய் கறுப்பதும் கை நடுங்குவதும்

காரைக்கால் கடைத்தெருவில் வாங்கி வந்த வாழைக்காயை அம்மா சீவி நறுக்குகிறார். துண்டுகளை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார். தவறி வெளியே கிடந்த ஒரு துண்டு மட்டும் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. பார்த்திருப்பீர்கள்.

காயைச் சீவும்போது அதன் உயிரணுக்கள் உடைகின்றன. தனித்தனி அறைகளில் இருந்த ஒரு நொதியும் சில வேதிப்பொருள்களும் கலந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றோடு சேர, கரிய நிறமி உண்டாகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். அரிவாள்மணையின் இரும்போ கறையைக் கூட்டும்.

வாழையில் இப்படிக் கறுக்கும் பொருள்களில் முதன்மையானது டோபமின். தோலில் மிகுதி, சதையில் குறைவு. இதே டோபமின் நம் மூளையிலும் இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

நடுமூளையில் 'கரும்பொருள்' என்றொரு பகுதி உண்டு. நினைத்தபடி கை கால்களை அசைக்க, இங்குள்ள நரம்பணுக்கள் டோபமினைச் சுரந்து அனுப்ப வேண்டும். சிறு பைகளில் அடைபட்டிருக்கும்வரை டோபமினால் தொல்லை இல்லை. பையிலிருந்து கசிந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரிய நிறமியாகிறது. அப்பகுதி கறுப்பாக இருப்பதன் காரணம் இதுதான். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிரமான பொருள்களும் தோன்றுகின்றன. அங்கும் இரும்பு இருக்கிறது. அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிறது. உடல் எடையில் மூளை 2 சதவீதமே. ஆனால் நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது. ஆக, ஆபத்துக்குக் குறைவில்லை.

அந்த நரம்பணுக்களில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதமும் உண்டு. 140 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. ஆக்சிஜனேற்றம் அடைந்த டோபமின் இதில் ஒட்டிக்கொண்டால் மாலை சிக்கலாகிறது. கோணலான ஒரு மூலக்கூறு பக்கத்திலிருப்பதையும் கோணலாக்கும். நாளடைவில் கட்டி கட்டியாகத் திரளும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி நீர்மமாவதில்லை அல்லவா? இதுவும் எளிதில் பிரிவதில்லை. இக்கட்டிகளை 1912இல் லூவி என்ற ஜெர்மானியர் கண்டார். 1919இல் பாரிஸில் திரெத்தியாகோவ் அவற்றுக்கு லூவியின் பெயரையே சூட்டினார். (அப்போது நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது!) கட்டிக்குள் இருப்பது இந்தப் புரதமே என்று தெரிந்ததோ 1997இல்தான்.

ஆக்சிஜன் கெடுத்ததால் கட்டி வந்ததா, கட்டி வந்ததால் ஆக்சிஜன் கெடுதல் மிகுந்ததா? கோழி முட்டைக் கதைதான். ஒன்றை ஒன்று தூண்டுகின்றன. நரம்பணுக்கள் ஏறத்தாழப் பாதி அழிந்த பிறகே கை நடுங்குவது வெளியே தெரியும். இதுவே பார்க்கின்சன் நோய். நம்மவர் நடுக்குவாதம் என்பர்.

ஆக்சிஜன் கெடுதலைத் தடுக்கும் வைட்டமின் 'ஈ' கொடுத்தால் என்ன? அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். 1993இல் வந்த முடிவு: பயனில்லை. மோர்த்தண்ணீர் வைத்தியம் மூளையில் பலிக்கவில்லை.

டோபமின் குறைந்தால் வாழைப்பழம் தின்னலாமே என்று கேட்பீர்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை டோபமின் தாண்டாது. ஆனால் அதன் தாய்ப்பொருளான டோபா தாண்டும்; உள்ளே போய் டோபமினாக மாறும். வேலியோரத்தில் படர்ந்து, தொட்டவரை அரித்தெடுக்குமே பூனைக்காலி, அதன் விதையிலிருந்து டோபாவைப் பிரித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்: சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும், 1937இல். அது மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1961இல் வியன்னாவில் ஊசியாகப் போட்டபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

டோபா கட்டிகளைக் கரைக்காது. இல்லாததை ஈடுகட்டும், அவ்வளவே. அதற்கும் ஒரு போட்டி உண்டு. பருப்பு, மீன் போன்றவற்றின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் மூளைக்குள் நுழைய வேண்டும். ஆகவேதான் அடுத்த வீட்டுத் தாத்தா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே விழுங்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.